உரிக்க வராத காயம்

போன மாதம் என் பேத்தி போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "ஆயா, உன்னைக் கிழவி ஆக்கிக் காட்றேன் பாரு" என்றாள். எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது. இனிமேல்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கிழவியைக் காட்டியது. என்னைவிட நன்றாக இருந்தாள். பல் முழுசாக இருந்தது. கன்னத்தில் மட்டும் கோடு கோடாகச் சுருக்கம். காதுக்குப் பின்னால் பதினாறு வயசு, கழுத்துக்கு முப்பது வயசு. எனக்கு மேக்கப் கற்றுக்கொடுத்த கோதண்டம் மாஸ்டர் பார்த்திருந்தால், "போய் மூஞ்சைக் கழுவிட்டு வா" என்று போனையே அனுப்பியிருப்பார்.

பேத்தி மேக்கப் படிக்கிறாள். அவளும் அவளோடு படிக்கிற பெண்களும்தான் இதை எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எங்கெல்லாம் தமிழ் நன்றாக இருக்கிறதோ அது அவள் வேலை. எங்கெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதோ அது என் வேலை.

நான் பிறந்த ஊர் பழவேற்காடு, உப்பு ஏரிக் கரை. நைனாவுக்குப் படகு இருந்தது. என்னைக் கோடம்பாக்கத்தில் லைட்மேன் வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் என்னை ஸ்டூடியோவில் ஹேர் டிரஸ்ஸராகச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு மேக்கப் வேலை கிடையாது. தலைமுடி எங்களுக்கு, முகம் ஆம்பளைகளுக்கு. நெற்றியில் முடி முடிகிற இடம்தான் எல்லைக்கோடு. நடிகைக்குப் பொட்டு கோணலாக இருந்தால்கூட நான் தொடக் கூடாது, ஓர் ஆம்பளையைக் கூப்பிட வேண்டும். அவன் பீடி பிடித்துவிட்டு வருவான்.

கோதண்டம் மாஸ்டருக்கு ஊரில் யாருக்கும் வராத இரண்டு வேலைகள் வரும். ஆளைக் கிழமாக்குவார், ஆளைக் காயப்படுத்துவார். அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும், யாருக்கும் தெரியாமல் என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். விக் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஏழு வருஷம் கற்றுக்கொண்டேன்.

கிழமாக்குவது இப்படி. ஆளைச் சிரிக்கச் சொல்லக் கூடாது, பேசச் சொல்லக் கூடாது. கண்ணோரத் தோலை இரண்டு விரலால் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்த இடத்தில் ரப்பர் பாலை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். ஹேர் டிரையரில் காயவிட்டு, மேலே பவுடர் போட்டு, அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது ரப்பர் கூடவே சுருங்கும். ஐம்பது வருஷம் ஒரே நொடியில் வந்து உட்காரும். இப்படியே துண்டு துண்டாக முகம், கழுத்து, புறங்கை. மூன்று மணி நேரம். ரப்பர் பாலின் நாற்றத்தில் நடிகருக்கு நிஜமாகவே பாதி வயசு கூடிவிடும்.

காயத்துக்கு மாஸ்டரின் முறையே வேறு. முதலில் அந்தக் காயத்தின் ஜாதகத்தைக் கேட்பார். நான் போட்ட முதல் கத்திக் குத்தைப் பார்த்து, "குத்தினவன் வலது கையா, இடது கையா?" என்றார்.

"தெரியாது மாஸ்டர்."

"குத்து வாங்கினவனுக்குத் தெரியும் இல்ல? போய்க் கேட்டுட்டு வா."

குத்து வாங்கியது ஒரு பொம்மை. அரை நாள் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, எதால் பட்டது, பட்டதும் அவன் என்ன செய்தான், துணியால் அமுக்கினானா, தண்ணீரில் கழுவினானா? இத்தனைக்கும் பதில் இருந்தால்தான் மெழுகு டப்பாவைத் திறக்க விடுவார். திட்ட மாட்டார். "ம்" என்பார். அந்த "ம்" நீளமாக இருந்தால் சரியில்லை, சுருக்கமாக இருந்தால் பரவாயில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்கு அவரிடம் சத்தமே கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்: காயம் செட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருமுறை துணை நடிகர் ஒருவர் அறுந்த கழுத்தோடு பஸ் ஏறி, கண்டக்டர் பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டாராம். வேலைக்குப் போகிற நாற்பது பேர் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் இறங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் டச்சுக்காரர் காலத்துக் கதை ஒன்றைப் படம் எடுக்க எங்கள் பழவேற்காட்டுக்கே வந்தோம். நிஜ டச்சுக் கோட்டை இடிந்து மேடாகி, முள் மண்டிக் கிடந்தது. பக்கத்திலேயே அட்டையில் ஒரு கோட்டை கட்டினார்கள். ஊர் ஜனம் இவ்வளவு நாள் கோட்டை மேட்டில் ஆடு மேய்த்துவிட்டு, அட்டைக் கோட்டையைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தது. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு உண்டு. மாஸ்டர் அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். விலா எலும்பை எண்ணினார். "ம்" என்றார். சுருக்கமான "ம்".

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். அடிபடுகிற உள்ளூர்க்காரர்களாக நடிக்க, ஏரிக்கு நடுவில் இருந்த ஒரு குப்பத்து ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். மாஸ்டர் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லோகு, இந்தப் பத்து நாள் எல்லாக் காயமும் நீதான். ஒண்ணுகூட கேமராவுல காட்டிக் கொடுக்கலைன்னா, டைட்டில்ல மேக்கப்னு என் பேருக்குக் கீழ உன் பேரைப் போடச் சொல்றேன். எப்படின்னு நான் பாத்துக்கறேன்."

என் பெயர் லோகநாயகி. அது அதுவரைக்கும் ரேஷன் கார்டில் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாளே ஏரிக்காற்று என் காயங்களை ஒரு கை பார்த்தது. உப்பும் வேர்வையும் சேர்ந்தால் மேக்கப் கோந்து நிற்காது. முதல் ஷாட்டில் நெற்றியில் இருந்த வெட்டு இரண்டாவது ஷாட்டில் கன்னத்துக்கு வந்துவிட்டது. டைரக்டர், "காயம் நடந்து போவுது!" என்று கத்தினார். ரத்தம் வேறு சர்க்கரைப் பாகில் செய்தது. சிவப்புச் சாயம் கலந்து, காப்பி டிகாஷன் இரண்டு சொட்டு விட்டால் அசல் ரத்தம். முழங்கால் தண்ணீரில் பிணமாகக் கிடந்தவர்களை மீன் குஞ்சுகள் வந்து கொத்த, பிணங்கள் ஒவ்வொன்றாகச் சிரிக்க ஆரம்பித்தன.

எனக்கு நைனாவின் படகு ஞாபகம் வந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்கக் குங்கிலியம் காய்ச்சி அடைப்பார். வருஷக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தாலும் அது விடாது. படகு பழுது பார்க்கிற கொட்டகையில் ஒரு பிடி குங்கிலியம் வாங்கி, இடித்து, ஸ்பிரிட்டில் கரைத்தேன். மாஸ்டர் மோந்து பார்த்தார்.

"படகு வாசனை அடிக்குது."

"நிக்கும் மாஸ்டர்."

"நிக்கும் சரி. கழலுமா?"

"கழலும் மாஸ்டர்" என்றேன். நான் சோதித்துப் பார்க்கவில்லை. டைட்டிலில் பெயர் வரப்போகிற அவசரம்.

மறுநாள் காலையில் மாஸ்டர் படுத்துவிட்டார். ராத்திரி யாரோ அன்பாக நண்டுக் குழம்பு கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கே தெரியாது. இரண்டு உதடும் வாழைப்பழம் மாதிரி, கண் வெறும் கீறல். டைரக்டர் பார்த்துவிட்டு, "சூப்பர் மாஸ்டர், இது எந்த கேரக்டருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆக, முப்பது பேரும் என் தலையில். கம்பெனிக்காரர்கள் கண்ணில் படாமல் விக் பெட்டிக்குப் பின்னால் வைத்தே வேலை. அதில் ஏழுமலை என்கிறவனுக்குத்தான் பெரிய காயம். டச்சுச் சிப்பாய் வாளால் இடது தோளிலிருந்து நெஞ்சு வரைக்கும் இழுத்த வெட்டு, பட்டு ஒரு மணி நேரம். ஏழுமலைக்கு நெஞ்செல்லாம் முடி. சவரம் பண்ண வேண்டும் என்றேன்.

"அய்ய, அதெல்லாம் வாணாம்க்கா. அஞ்சலைக்கு இது புடிக்கும்" என்று பெண்டாட்டி பேரைச் சொல்லி வெட்கப்பட்டான்.

சரி என்று முடி மேலேயே குங்கிலியக் கோந்தைப் பூசினேன். மெழுகை ரப்பர் பாலில் தோய்த்த பஞ்சோடு சேர்த்து ஒரு முழ நீளத்துக்குப் படியவிட்டேன். ஓரம் தோலோடு கரைகிற மாதிரி விரலால் தேய்த்தேன். நடுவில் கரண்டிக் காம்பால் கீறினேன். தோளில் ஆழம், கீழே வரவர மேலோட்டம், ஏனென்றால் வாள் இழுபடும்போது அப்படித்தான் வரும். உள்ளே கருஞ்சிவப்பு, விளிம்பில் லேசான ஊதா, மேலே பாகு ரத்தம். கேமராமேன் கிட்டே வந்து பார்த்துவிட்டு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் அதைவிட நல்ல காயம் நான் போட்டதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இத்த அப்டியே ஊட்டுக்குப் போயி அஞ்சலைகிட்ட காட்டிட்டு வந்துர்றேன்க்கா."

"முடியாது. மாஸ்டர் தோலை உரிச்சுடுவாரு."

"இருவது நாளா என்கூடப் பேச மாட்டேன்றாக்கா. அவ தம்பி கல்யாணத்துல மீன் கொழம்பு உப்புனு ஒரு வார்த்த சொல்லிட்டேன். இத்தப் பாத்தானா பதறிப் பூடுவா. ஒரு வாட்டி பதறட்டும்க்கா."

உப்பு ஏரிக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, குழம்பு உப்பு என்று சண்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நான் இளகிவிடுவேன். "ஒரு மணி நேரம். துண்டால மூடிக்கோ. அவ பதறினதும் உடனே பொய்னு சொல்லிடணும்" என்று அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது, ஏழுமலை வரவில்லை. அதற்குப் பதிலாகக் குப்பத்திலிருந்து யாரோ வந்து ஏதோ சொல்ல, மற்ற காயம்பட்டவர்கள் எல்லோரும் படகுகளை நோக்கி ஓடினார்கள். மண்டை பிளந்த ஒருவன் என்னைத் தாண்டி ஓடும்போது கத்தினான்.

"அக்கா, ஏழுமலைய வெட்டிட்டானுங்களாம்!"

"டேய், வெட்டினது நான்தான்டா! நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தியே!"

"அது காலைலக்கா. இது இப்ப!"

நிலைமை இதுதான். ஏரியில் எந்த நாளில் எந்தக் குப்பம் எங்கே வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அந்த மாதம் ஒரு நல்ல இறால் பாட்டுக்காக இந்தக் குப்பத்துக்கும் எதிர்க் குப்பத்துக்கும் வாய்த்தகராறு முற்றியிருந்தது. கை நீளவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஏழுமலை நெஞ்சில் ஒரு முழ வெட்டோடு கரையில் இறங்கியிருக்கிறான். யார் வெட்டியது என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

நானும் ஒரு படகில் ஏறிக்கொண்டேன். என்னைச் சுற்றிலும் அம்பு தைத்தவன், கண் போனவன், கை தொங்கியவன். எல்லாரும் தெம்பாகத் துடுப்புப் போட்டார்கள்.

குப்பத்துக் கரையில் ஐந்தாறு படகுகள் தண்ணீரில் தள்ளித் தயாராக நின்றன. ஒவ்வொன்றிலும் ஆட்கள், கையில் படகு தள்ளுகிற கழி. வலைக்கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் ஏழுமலை கண்ணை மூடிப் படுத்திருந்தான். அஞ்சலை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுறாப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் காயத்தின் மேல் அரை உருண்டை மஞ்சள் அப்பியிருந்தது.

நான் குனிந்து, "எழுந்து பொய்னு சொல்லுடா" என்றேன்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "சாயந்தரம் சொல்லிக்கலாம்க்கா. இருவது நாளாச்சு" என்று முணுமுணுத்து மறுபடி மூடிக்கொண்டான்.

குப்பத்துத் தலைவர் பெரிய ஆகிருதி. "இன்னாம்மா, யாரு நீ?" என்றார்.

"நான் சினிமாக்காரி, தலைவரே. இங்கதான் பொறந்தேன். இது நெஜக் காயம் இல்ல, மேக்கப்பு. யாரும் வெட்டலை."

"எதிர்க்குப்பத்தானா வெட்டுனான்னு நான் கேட்டேன். இவன் முனகினான்."

"அது வாயில புட்டு இருந்திருக்கும், தலைவரே!"

"பொய்யினா உரிச்சுக் காட்டு."

அதற்கென்ன என்று தோள்பக்கத்து ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். ஏழுமலை "ஐயோ அம்மா!" என்று அலறினான். அவன் நடிக்கவே இல்லை. முடி வேரோடு வந்தால் யார்தான் அலற மாட்டார்கள்? காயம் மட்டும் வரவில்லை. நைனாவின் படகில் ஒட்டிய மாதிரி ஒட்டியிருந்தது.

"உசுரோட ஒருத்தன் தோல உரிக்கிறாப் பாரு!" என்று நான்கு பெண்கள் என்னைப் பின்னால் இழுத்தார்கள்.

தலைவர் படகுப் பக்கம் திரும்பி, "கெளம்புங்கடா" என்றார்.

நிஜமாகவே மண்டை உடையப் போகிறது. நான் செய்கிற மண்டையைச் சாயந்தரம் கழுவிவிடலாம், இந்த மண்டைகளை முடியாது. அப்போதுதான் கட்டில் காலில் எறும்பு வரிசையைப் பார்த்தேன். கட்டில் கால் வழியாக ஏறி, ஏழுமலையின் விலாவில் நடந்து, நேராகக் காயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தலைவரே, ஒரு நிமிஷம்! ரத்தத்தைத் தொட்டு நக்கிப் பாருங்க!"

"இன்னாது?"

"சக்கரைப் பாகு, தலைவரே. எறும்பு பொய் சொல்லுமா?"

தலைவர் முகம் சுளித்தார். ஊரில் பெரிய மனிதர், ரத்தத்தை நக்குவாரா? யாரும் அசையவில்லை. அஞ்சலை மட்டும் மஞ்சளை ஒதுக்கி, விரலை வைத்து, நாக்கில் தடவினாள். கொட்டகையே அவள் வாயைப் பார்த்தது. மறுபடி தடவிச் சப்பினாள்.

"இனிக்குது" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஐயோ பாவம், இவனுக்குச் சக்கரை வியாதி வேற கீதா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. புருஷனின் தலையை மடியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டாள். "அக்கா, இது இன்னா போட்டா கழலும்?" என்று என்னிடம் கேட்டாள். அமைதியாகத்தான் கேட்டாள். ஏழுமலைக்கு இரண்டு கண்ணும் திறந்துகொண்டன.

குங்கிலியத்துக்கு எண்ணெய் என்றேன். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். நான் ஓரத்தில் எண்ணெயை விட்டு இளக்க, அவள் பிடித்து இழுத்தாள். மெதுவாக இழுத்தால் வலிக்காது என்று சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை.

"கொழம்பு உப்பா?" ஓர் இழுப்பு.

"இல்லடி!"

"என் தம்பி ஊட்டுக் கொழம்பு உப்பா?" இன்னோர் இழுப்பு.

"தேனுடி! தேனாட்டம் இருந்துச்சுடி!"

ஒரு முழக் காயமும் நெஞ்சு முடியோடு அப்படியே கையில் வந்தது. அஞ்சலை அதைத் தலைவரிடம் கொடுத்தாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கரடித் தோல் மாதிரி இருந்தது. கட்டிலில் ஏழுமலை, இடது பக்கம் மொழுமொழுவென்று, காயம் எதுவும் இல்லாமல், கண்ணில் தண்ணீரோடு. தலைவரின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. கழிகள் ஒவ்வொன்றாகப் படகில் விழுந்தன.

அந்த நேரத்தில் இன்னொரு படகில் தயாரிப்பு மேனேஜரும் கோதண்டம் மாஸ்டரும் வந்து இறங்கினார்கள். மாஸ்டரின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இத்தையும் நானே உரிக்கிறேன்" என்று அவர் உதட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். மாஸ்டர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத சத்தம் ஒன்று வந்தது.

மேனேஜர் சிரிக்கவில்லை. "முப்பது பேர் பாதியில ஓடி வந்துட்டாங்க. ஷூட்டிங் நின்னுபோச்சு. யார் போட்ட காயம் இது?"

எனக்குத் தெரியும். நான் என்று சொன்னால் அத்தோடு சரி. பொம்பளை மேக்கப் போட்டாள் என்று தெரிந்தால் சீப்பையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். டைட்டிலும் இல்லை, வேலையும் இல்லை. மாஸ்டர் உதட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஞான் ஓட்டது" என்றார். நான் போட்டது என்கிறார்.

"நீங்க காலையிலேர்ந்து படுக்கையில கெடந்தீங்க மாஸ்டர். மாத்திரை குடுத்ததே நான்தான்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தலைவர் கையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் தெரியாத ஓரம், தோளிலிருந்து இறங்கி வருகிற ஆழம். அதை இன்னொருவர் போட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான் சார் போட்டேன்."

"நீ முடி தானே பாக்கறே?"

"முடியும்தான் பார்த்துக்கினாங்க" என்றாள் அஞ்சலை, அந்தக் காயத்தின் பின்பக்கத்தைக் காட்டி.

மேனேஜர் என்னை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பச் சொன்னார். திருப்பாலைவனம் வழியாக ஒரு பஸ் உண்டு, அதற்கு நேரம்கூடச் சொன்னார். தலைவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்தார்.

"இந்தம்மா கையால வெட்டு வாங்குறதுனா நம்ம ஆளுங்க வருவானுங்க. இல்லேனா உன் டச்சுக்காரன் காத்துலதான் கத்தி வீசணும்."

மேனேஜர் முப்பது பேரையும் பார்த்தார். மண்டை பிளந்தவன், கண் போனவன், அம்பு தைத்தவன், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தால் அட்டைக் கோட்டை ஒரு மழைக்குத் தாங்காது என்பது அவருக்கும் தெரியும். "வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகேறினார்.

மாஸ்டர் காயத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நான் "ம்"முக்காகக் காத்திருந்தேன். உதடு ஒத்துழைக்கவில்லையோ என்னவோ, எந்தச் சத்தமும் வரவில்லை. அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மீதி நாளெல்லாம் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஏழுமலை இரண்டு பக்கமும் சவரம் செய்துகொண்டு வந்தான். ஒரு பக்கம் மட்டும் முடியோடு இருந்தால் அஞ்சலை சிரிப்பை நிறுத்த மாட்டேன் என்கிறாளாம். சிரித்தாலும் பேசினாளா என்று கேட்டேன். "பேச்ச நிறுத்த மாட்டேன்றாக்கா" என்று அழாத குறையாகச் சொன்னான்.

படம் வெளிவந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் போனோம். மேக்கப் என்று மாஸ்டர் பெயர் வந்தது. அதற்குக் கீழே 'லோகு' என்று வந்தது. நாயகியை வெட்டிவிட்டார். லோகு என்றால் எல்லோரும் லோகநாதன் என்று நினைத்துக்கொள்வார்கள், கேள்வி வராது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. அதற்கப்புறம் எத்தனையோ படத்தில் அந்தப் பெயரில் ஆளைக் கிழமாக்கினேன், மண்டையைப் பிளந்தேன். செட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும், வெளியே இருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

டைட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி முதல்முதலாக எனக்கே கடிதம் போட்டுக் கூப்பிட்டது. கவரின் மேல் 'திரு. லோகு அவர்கள்' என்று கொட்டை எழுத்தில் டைப் அடித்திருந்தது. நான் அடுப்பில் மீன் திருப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வாங்கிய என் வீட்டுக்காரர் அதைப் படித்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், சமையலறை வாசலில் வந்து நின்று கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், உங்களுக்குத்தான்."